மூன்றாம் கட்சிக்குப் போட்ட வாக்கு வீணா? கனடாவின் ரொமி டக்ளஸ் முதல் பல் காப்புறுதி வரை

2025 ஏப்ரல் 30 – ஒரு வாசகரின் கேள்வி

திங்கட்கிழமை நடந்த கனடாப் பொதுத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சிக்கு ஏழே ஏழு ஆசனம். தலைவர் ஜக்மீத் சிங்குக்கே தன் தொகுதியான பேர்ணபியில் மூன்றாம் இடம். பல் காப்புறுதி, மருந்துக் காப்புறுதி என்று இவ்வளவு காலமும் கத்தி என்ன கண்டார்கள்? ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கட ஆட்கள் சிலர் இன்னமும் இவர்களுக்குத்தான் போடுகிறார்கள். வாக்கைக் குப்பைக்குள் போடுவதும் இதுவும் ஒன்று. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

ஏப்ரல் 30, இரவு

நான் மறுக்கிறேன்.

1962 ஜூன் 18 பொதுத்தேர்தலில் இதே கட்சியின் முதல் தலைவர் ரொமி டக்ளஸ் ரெஜைனாவில் தோற்றார். பதினேழு வருடம் சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வராக இருந்த மனிதர், அந்த மாகாணத்தின் தலைநகரிலேயே தோற்றார். அவரது கட்சி கொண்டுவந்த மருத்துவக் காப்புறுதி மீதிருந்த கோபம் அதற்கு ஒரு பெரிய காரணம். அந்த ஒக்டோபரில் வேறொரு தொகுதியில் இடைத்தேர்தலில் நின்றுதான் நாடாளுமன்றத்துக்குப் போனார். தொகுதியின் பெயர் பேர்ணபி–கொக்கிற்லம்.

இன்று எங்கள் எல்லோருடைய பேர்சுக்குள்ளும் இருக்கிற ஹெல்த் காட், அதாவது அரசு மருத்துவக் காப்புறுதி அட்டை, அந்தத் தோல்விக்குப் பிறகு வந்ததுதான். மிச்சம் நாளைக்கு. காலையில் வேலை.

மே 1

டக்ளஸ் யார் என்று கேட்டிருக்கிறார்கள். 1904இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டு எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டது. வின்னிபெக்குக்குக் குடிவந்த குடும்பத்திடம் நிபுணரைப் பார்க்கக் காசில்லை. காலை எடுக்கவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், தன் மாணவர்கள் நின்று பார்க்கச் சம்மதித்தால் காசு வாங்காமல் செய்கிறேன் என்றார். கால் தப்பியது. ஒரு பிள்ளையின் கால் இப்படி அதிர்ஷ்டத்தில் தங்கியிருக்கக்கூடாது என்ற எண்ணம் அவரிடம் கடைசிவரைக்கும் இருந்தது.

1930இல் வேபேர்ண் என்ற சின்னப் பட்டினத்துக்குப் போதகராகப் போனார். மழையும் இல்லை, கோதுமைக்கு விலையும் இல்லை. சனம் வைத்தியரிடம் போகாமலே செத்தது. அங்கேதான் அரசியலுக்கு வந்தார். 1934இல் மாகாணத் தேர்தலில் நின்று தோற்றார், அடுத்த வருடம் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 1944இல் மாகாணத்துக்குத் திரும்பி வந்து, 52 ஆசனங்களில் 47ஐ அவரது கட்சி பிடித்தது. அப்போது அதற்குப் பெயர் கூட்டுறவுக் கொமன்வெல்த் கூட்டமைப்பு. ஒட்டாவாவில், அதாவது நாட்டு நாடாளுமன்றத்தில், அது மூன்றாம் கட்சியாகவும் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு சிறியது.

முதல்வரானதும் சுகாதார அமைச்சையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். 1947 ஜனவரி முதல் மாகாணத்தில் எல்லோருக்கும் வைத்தியசாலைக் காப்புறுதி. ஆளுக்கு வருடம் 5 டொலர், குடும்பத்துக்கு ஆகக்கூடியது 30 டொலர். வைத்தியரைப் பார்க்கும் காசுக்கும் காப்புறுதி தரவேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது, கையில் காசு இல்லை. 1958இல் ஒட்டாவா வைத்தியசாலைச் செலவில் பாதியை ஏற்கத் தொடங்கியதும் மாகாணத்தின் கையில் கொஞ்சம் மிஞ்சியது. 1959 டிசம்பரில் வானொலியில் திட்டத்தை அறிவித்தார். 1960 தேர்தலை அந்த ஒரு விஷயத்தை வைத்தே சந்தித்தார். வைத்தியர் சங்கம் தன் அங்கத்தவர்களிடம் காசு சேர்த்து அவருக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. ஆனாலும் வென்றார்.

மே 2

மருத்துவக் காப்புறுதி "டக்ளஸ் கண்டுபிடித்தது" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லக்கூடாது. முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே சஸ்காச்சுவான் கிராம சபைகள் வரிக்காசில் வைத்தியரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. வைத்தியர் ஊரைவிட்டுப் போய்விடாமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. 1939இல் மக்கிலொப் என்ற ஊராட்சியில் நோர்வேயிலிருந்து வந்து குடியேறிய மத்தியு அண்டர்சன் தன் ஊருக்கு ஒரு மருத்துவக் காப்புறுதியே நடத்தினார். 1946இல் சுவிஃப்ட் கரன்ற் வட்டாரம் வைத்தியசாலை, வைத்தியர் இரண்டையும் சேர்த்து எல்லோருக்கும் கொடுத்தது. பிள்ளைகளின் பல் வைத்தியமும் அதற்குள் இருந்தது.

1946இல் பிள்ளைகளின் பல்! இதைப் பிறகு சொல்கிறேன், எனக்கு இதில் ஒரு கோபம் இருக்கிறது.

மே 3

வைத்தியர்களின் வேலைநிறுத்தக் கதை. கொஞ்சம் நீளம்.

1961இல் டக்ளஸ், பழைய கட்சியிலிருந்து உருவான புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராகி ஒட்டாவாப் பக்கம் போய்விட்டார். சட்டத்தைத் தலையில் தாங்கியவர் அடுத்த முதல்வர் வூட்றோ லொயிட். பாடசாலை ஆசிரியராக இருந்தவர், அதிகம் கதைக்காத மனிதர். எல்லோரும் டக்ளஸ் பெயரைச் சொல்கிறோம், லொயிட்டை மறந்துவிடுகிறோம். அது அநியாயம். 1962 மே மாதம் அறுநூறு வரையான வைத்தியர்கள் கூடியிருந்த மண்டபத்துக்குத் தானே போய்ப் பேசினார். சட்டத்துக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்கிறவர்கள் எழும்புங்கள் என்று பிறகு வைத்தியர் சங்கத் தலைவர் கேட்டபோது மண்டபம் கிட்டத்தட்ட முழுவதும் எழுந்து நின்றது.

ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே பெரும்பாலான வைத்தியர்கள் தங்கள் அலுவலகங்களைப் பூட்டினார்கள். சில வைத்தியசாலைகளில் அவசர சிகிச்சை மட்டும். முதல் நாளே ஒரு கைக்குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டு பெற்றோர் ஊர் ஊராக வைத்தியரைத் தேடினார்கள். பிள்ளை தப்பவில்லை. இரண்டு பக்கமும் அந்த மரணத்துக்கு மற்றப் பக்கத்தைக் குற்றம் சொன்னது.

"எங்கள் வைத்தியர்களை விடமாட்டோம்" என்று குழுக்கள் கிளம்பின. இங்கேதான் எனக்கு மனம் பிசைகிறது. அந்தக் குழுக்களில் முன்னுக்கு நின்றவர்களில் பலர் சாதாரணத் தாய்மார். வேண்டுமென்று யாருக்கும் கெடுதல் செய்கிற ஆட்கள் இல்லை. தங்கள் பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து பார்த்த டொக்ரர் ஊரைவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். எங்கள் ஊரில் போர்க்காலத்தில் வைத்தியர் இல்லாத வைத்தியசாலைக்குள் நின்ற எவருக்கும் அது விளங்கும்.

ஜூலை 11இல் சட்டசபைக்கு முன்னால் பல பத்தாயிரம் பேர் கூடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது நாலாயிரம், ஐயாயிரம் பேர். அரசு பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்களை இறக்கியது. சாஸ்கற்றூனில் சனம் கூட்டுறவு முறையில் தாங்களே கிளினிக் திறந்தார்கள். கடைசியில் பிரித்தானியாவின் டெய்லர் பிரபு நடுவில் நின்று ஓடித்திரிந்து, ஜூலை 23 அன்று உடன்பாடு. 23 நாள்.

1964 தேர்தலில் லொயிட் தோற்றார். ஆட்சிக்கு வந்த லிபரல் கட்சியின் றொஸ் தட்சர் அந்தத் திட்டத்தை எடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் சனத்துக்கு அது பழகிவிட்டது. எடுத்தால் அடுத்த தேர்தலில் தானே இருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மே 5

"நாடு முழுவதும் கொண்டுவந்தது லிபரல்தானே, பியர்சன்தானே?" ஓம், சட்டம் அப்போதைய பிரதமர் பியர்சனுடையது. 1966 டிசம்பரில் 177க்கு 2 என்று நிறைவேறியது, 1968 ஜூலை 1இல் தொடங்கியது, ஒன்ராறியோ 1969 ஒக்டோபரில் சேர்ந்தது.

பியர்சனுக்குப் பெரும்பான்மை இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதோடு எம்மற் ஹோல் என்ற நீதிபதியின் அறிக்கை மேசையில் கிடந்தது. ஹோலை நியமித்தவர் பழமைவாதக் கட்சிப் பிரதமர் டீஃபன்பேக்கர். அரசுக் காப்புறுதி வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. ஹோல் சஸ்காச்சுவானில் ஓடிக்கொண்டிருந்த திட்டத்தைப் பார்த்தார், 1964இல் இதை நாடு முழுவதும் கொடுங்கள் என்று எழுதினார்.

அதனால் எல்லாப் புகழையும் மூன்றாம் கட்சிக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மாகாணத்தில் செய்து காட்டியது அவர்கள். காட்டிய பிறகு மற்றவர்களால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. ஒட்டாவாவில் சிறுபான்மை அரசு வந்தபோது கேட்ட விலை அது. இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

ஹோல் அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: மருந்துக்கும் காப்புறுதி, பிள்ளைகளின் பல்லுக்கும் காப்புறுதி. பியர்சன் சட்டம் வைத்தியரோடு நின்றுவிட்டது. மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டார்கள், அறுபது வருடம்.

மே 8

நியூ ஜேர்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டது: ரால்ஃப் நேடரும் 2000இல் மூன்றாம் கட்சி வேட்பாளராக எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்புறுதி என்றுதானே நின்றார், அமெரிக்காவில் ஏன் நடக்கவில்லை?

நேடருக்கு நாடு முழுவதும் 3 வீதத்துக்குக் குறைவு. புளோரிடாவில் 97,000க்கு மேல் வாக்கு, அங்கே புஷ் வென்றது 537 வாக்கால். அதற்குப் பிறகு இருபது வருடம் சனம் கதைத்தது அந்த 537ஐப் பற்றித்தான், காப்புறுதியைப் பற்றி அல்ல. அவருக்குப் பின்னால் காங்கிரஸில் ஒரு ஆசனம் இல்லை, செய்து காட்டிய மாநிலம் இல்லை. ஜனாதிபதி வேட்பாளருக்குத் தோற்ற அடுத்த நாள் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வெர்மொண்ட் மாநிலம் கொஞ்சம் கிட்டப் போனது. அங்கே முற்போக்குக் கட்சி என்ற மூன்றாம் கட்சிக்கு உண்மையான பலம் உண்டு. 2010இல் ஜனநாயகக் கட்சியின் பீற்றர் ஷம்லின் ஒரே காப்புறுதி கொண்டுவருவதாகச் சொன்னார், அவர்கள் ஆளுநர் போட்டியில் விலகி வழிவிட்டார்கள். 2011இல் சட்டமே வந்தது. 2014 டிசம்பரில் தேவைப்படும் வரி மாநிலத்துக்குத் தாங்காது என்று ஷம்லினே கைவிட்டார். பாதிச் செலவை ஏற்க ஒட்டாவா மாதிரி ஒரு கை அவருக்கு இருக்கவில்லை. இதை யோசிக்கும்போது 1958இல் வந்த அந்தக் காசு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்குகிறது.

மே 10

கார் காப்புறுதி பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நான் எழுதத்தான் போகிறேன். நான் பார்சல் ஓடுகிறவன். எரிபொருளுக்கு அடுத்த பெரிய செலவு அது.

டக்ளஸ் அரசு 1945இலேயே அரசுக் காப்புறுதி நிறுவனம் தொடங்கி, 1946இல் எல்லா வாகனத்துக்கும் கட்டாயக் காப்புறுதியை அரசே கொடுக்கத் தொடங்கியது. வட அமெரிக்காவில் அதுதான் முதல். மனிற்றோபா 1971இலும் பிரிட்டிஷ் கொலம்பியா அதற்குக் கொஞ்சம் பிறகும் அதே வழிக்கு வந்தன, இரண்டும் இதே கட்சியின் ஆட்சியில். ரெஜைனாவில் இருக்கிற என் மச்சான் நம்பர் பிளேற் எடுக்கும்போதே காப்புறுதியும் எடுத்துவிடுகிறான். எந்தத் தெருவில் இருக்கிறாய், வயது என்ன, ஆணா பெண்ணா என்ற கேள்வி அந்த அடிப்படைக் காப்புறுதிக்கு இல்லை. ஓட்டிய விதத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஸ்காபரோவில் என் அஞ்சல் குறியீட்டைச் சொன்னதும் மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்கும், பிறகு ஒரு தொகை வரும். அதே கார், அதே சுத்தமான ஓட்டம். கிழக்கே விற்பி நகரில் இருக்கிற என் சிநேகிதனுக்கு வருகிற தொகை வேறு. ஒரு விபத்தும் இல்லாத மனிதன், தான் இருக்கிற தெருவுக்காகத் தண்டம் கட்டுகிறான். இதை நீதி என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தர முடியாது.

ஒன்ராறியோவிலும் இது வந்திருக்கவேண்டியது. 1990 ஏப்ரலில் பீற்றர் கோர்மோஸ் என்ற புதிய ஜனநாயகக் கட்சி உறுப்பினர் அப்போதைய லிபரல் அரசின் கார் காப்புறுதிச் சட்டத்துக்கு எதிராகச் சட்டசபையில் 17 மணிநேரம் நின்று பேசினார். அந்த செப்டெம்பரில் பொப் றே தலைமையில் கட்சி 130இல் 74 ஆசனத்தோடு ஆட்சிக்கே வந்தது. வாக்குறுதியில் அரசுக் கார் காப்புறுதி இருந்தது. ஒரு வருடம் கழித்து, 1991 செப்டெம்பரில், அதை விட்டுவிட்டார்கள். பொருளாதாரம் விழுந்துகிடக்கிறது, காப்புறுதிக் கம்பனிகளில் வேலைகள் போய்விடும், தொடங்கச் செலவு அதிகம் என்றார்கள். கோர்மோஸ் கடைசிவரை அதை ஏற்கவில்லை.

ஆக, ஏழு ஆசனம் வைத்திருந்தால்தான் ஒன்றும் நடக்காது என்று இல்லை. 74 வைத்திருந்தும் விட்டார்கள். கட்சிக்கு வாக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் இதுதான். லொயிட்டுக்கு 23 நாள் இருந்த முதுகெலும்பு 1991இல் இருக்கவில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும், மாற்றமாட்டேன்.

மே 12

2011 தேர்தலில் ஸ்காபரோவின் மல்வேர்ண் பக்கம் நான் கதவு தட்டப் போயிருக்கிறேன். ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோ–றூஜ் றிவர் தொகுதியில் வென்று கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் ஆன தேர்தல். அப்போதைய தலைவர் ஜக் லெயிற்றன் புதிய ஜனநாயகக் கட்சியை 103 ஆசனத்தோடு எதிர்க்கட்சியாக்கியதும் அப்போதுதான்.

கதவைத் திறந்த ஆட்களில் முக்கால்வாசிப்பேர் முதலில் கதைத்தது ஊர் நிலைமை பற்றி. ஒரு மாடிக்கட்டடத்தில் ஒரு அம்மா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே நின்று, "தம்பி, ராதிகாவுக்குத்தான் போடுவன், ஆனா மருந்துக் காசுக்கு ஆர் வழி சொல்லுவினம்?" என்று கேட்டார். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து. வயது அறுபத்தைந்து ஆகவில்லை, வேலையிடத்தில் காப்புறுதி இல்லை. ஒரு நாளுக்கு இரண்டு குளிசை எடுக்கவேண்டியதை ஒன்றாக்கி எடுக்கிறேன் என்றார். என் கையில் இருந்த துண்டுப் பிரசுரத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

மருந்துக் காப்புறுதிச் சட்டம் 2024 ஒக்டோபரில் வந்தது. முதல் கட்டமாக நீரிழிவு மருந்தும் கருத்தடை மருந்தும் மட்டும், அதுவும் ஒட்டாவாவோடு கையெழுத்திட்ட மாகாணங்களில். 2025 மே வரை ஒன்ராறியோ கையெழுத்திடவில்லை. தமிழ்ச் சனத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை? அடுத்த முறை உங்கள் மாகாண உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு மாலை போட வரும்போது இதைக் கேளுங்கள்.

மே 16

பல். கோபம் என்று சொன்னேன் அல்லவா.

1946இல் சுவிஃப்ட் கரன்றில் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 1964இல் ஹோல் எழுதினார். 2021 ஜூனில் பல் காப்புறுதிக்குப் புதிய ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த பிரேரணையை லிபரலும் பழமைவாதிகளும் சேர்ந்து தோற்கடித்தார்கள். அந்த செப்டெம்பர்த் தேர்தலில் லிபரலுக்குப் பெரும்பான்மை வரவில்லை. புதிய ஜனநாயகக் கட்சிக்கு 25 ஆசனம். 2022 மார்ச்சில் ஒப்பந்தம்: நாங்கள் அரசைக் கவிழ்க்கமாட்டோம், நீங்கள் பல் காப்புறுதி கொடுங்கள். 2021இல் எதிர்த்து வாக்களித்த அதே லிபரல் கட்சி கொடுத்தது. முதலில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு, பிறகு 2023 டிசம்பரிலிருந்து முதியவர்களின் விண்ணப்பம், 2024 மே மாதம் சிகிச்சை.

என் அம்மா பல வருடம் ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிட்டவர். தட்டை வடையைத் தேநீரில் ஊறவைத்துத்தான் வாய்க்குள் வைப்பார். கட்டுப்பல் செய்ய ஒரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்த தொகையைப் பார்த்துவிட்டு, "எனக்கு இனி என்னத்துக்கு" என்று அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். பிள்ளைகள் கட்டுகிறோம் என்றாலும் விடவில்லை. போன வருடம் இந்தத் திட்டத்தில் செய்தோம். முதலில் போன இடத்தில் இந்தக் காட் எடுக்கமாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் எடுத்தார்கள். இப்போது இரண்டு பக்கத்தாலும் சாப்பிடுகிறார், முறுக்கு உட்பட.

குப்பைக்குள் போட்ட வாக்கு என்று கேள்வி எழுதிய அண்ணைக்கு: அந்த 25 ஆசனம் இல்லாவிட்டால் இது இல்லை.

மே 18

ஒரு மறுயோசனை. 1962 உடன்பாட்டில் லொயிட் நிறைய விட்டுக்கொடுத்தார். வைத்தியர்கள் அரச ஊழியர் ஆகவில்லை. தங்கள் கிளினிக்கைத் தாங்களே நடத்தி, பார்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அரசிடம் காசு வாங்கும் முறை நிலைத்தது. சனம் தொடங்கிய கூட்டுறவுக் கிளினிக்குகள் ஓரத்துக்குப் போயின. இன்று குடும்ப வைத்தியர் கிடைக்காமல் திரிகிற ஆட்களைப் பார்க்கும்போது, அந்தக் கிளினிக்குகள் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஆனால் விட்டுக்கொடுக்காமல் நின்றிருந்தால் ஓகஸ்டில் அரசே விழுந்திருக்கலாம். லொயிட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல் காப்புறுதியும் அதே அச்சில்தான் வந்திருக்கிறது: தனியார் கிளினிக், அரசுக் காசு. அம்மாவைத் திருப்பி அனுப்பிய கதவு அந்த அச்சுக்குள் இருக்கிறது.

மே 24

இனி என்ன நடக்கும் என்ற கேள்விக்கு. 2025 தேர்தலில் லிபரல் பிரதமர் மார்க் கார்ணியின் அரசுக்கும் பெரும்பான்மைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. அதனால் ஏழு ஆசனத்துக்கும் பெறுமதி இருந்தது. ஆனால் 12 ஆசனம் இல்லாத கட்சிக்கு நாடாளுமன்றத்தில் உத்தியோகபூர்வ அந்தஸ்து இல்லை. கேள்வி நேரம் குறைவு, குழுக்களில் இடம் இல்லை. பல் காப்புறுதியை ஒருவரும் திடீரென்று நிறுத்துவார்கள் என்று நான் பயப்படவில்லை. வருமான எல்லையை விலைவாசியோடு உயர்த்தாமல் விட்டாலே போதும், வருடா வருடம் ஆட்கள் வெளியே விழுந்துகொண்டிருப்பார்கள். சத்தமில்லாமல் நடக்கும்.

தட்சர் திட்டத்தை எடுக்காமல் விட்டதற்குக் காரணம் சனம் அதைப் பாவித்துக்கொண்டிருந்தது. ஆகவே தயவுசெய்து பாவியுங்கள். 2025 மே மாதத்திலிருந்து 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கும் விண்ணப்பம் திறந்திருக்கிறது. வேலையிடத்தில் பல் காப்புறுதி இல்லாமல், குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருக்கவேண்டும். 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டணத்தில் உங்கள் பங்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் 40 வீதம் அல்லது 60 வீதம். கணவன் மனைவி இருவரும் வரி பைல் பண்ணியிருக்கவேண்டும். காசுக்கு வேலை செய்து வரி பைல் பண்ணாமல் இருக்கிற எங்கட ஆட்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஜூன் 2

இரண்டு பேர் விண்ணப்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள், சந்தோஷம். கதிரையில் ஏறி இருக்க முதல் வரவேற்பு மேசையில் இரண்டு விஷயம் கேளுங்கள். திட்டத்துக்கு நேரடியாக பில் அனுப்புவீர்களா? உங்கள் கட்டணம் திட்டத்தின் கட்டணத்தைவிடக் கூடவா, கூட என்றால் நான் எவ்வளவு கட்டவேண்டும்? பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். எடுக்கிற கிளினிக் எது என்று தெரிந்தவர்கள் தங்கள் பகுதியைச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவி. மார்க்கம்–எக்ளிங்டன் பக்கம் ஒன்று எனக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.